முதல் ஆளுக்கு எத்தனை பங்கு? வாய்வாக்கில் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இரண்டு மேசை போட்டு மென்பொருள் கம்பனி தொடங்கினோம். முதலில் வந்து சேர்ந்த தம்பியிடம் பிளேன்டீ குடித்துக்கொண்டே "உனக்கு அஞ்சு வீதம்" என்று சொல்லி, பங்கையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலாம் மாதம் அவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. அவர் போய்விட்டார், பங்கு அவரிடமே நின்றது. அவர்மேல் பிழையில்லை, நிபந்தனை எதையும் நான் போடவில்லையே. பிறகு முதலீடு செய்ய வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "வேலையில் இல்லாத இவர் யார்?"

இதற்குத்தான் வெஸ்டிங், அதாவது பேசிய பங்கை ஒரேயடியாகக் கொடுக்காமல் வேலை செய்த காலத்துக்கேற்பச் சேரவிடும் முறை. வழக்கமான கணக்கு நான்கு வருடம். 4,800 பங்கு பேசியிருந்தால் முதல் வருடம் முடியுமுன் போகிறவருக்கு ஒன்றுமில்லை. வருடம் முடிந்த அன்று 1,200 சேரும், பிறகு மாதம் 100. இருபதாம் மாதம் போனால் 2,000 பங்கோடு போவார்.

அடுத்த தவறு, வீதத்தை மட்டும் சொல்வது. மொத்தம் 4,80,000 பங்கு இருக்கையில் 4,800 என்பது 1 வீதம். முதலீட்டாளருக்குப் புதிதாக 1,20,000 வெளியிட்டால் அதே 4,800 பங்கு 0.8 வீதமாகிவிடும். கொழுந்து மடுவத்துத் தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். சொல்லாமல் கழிந்தால் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது. எண்ணிக்கையையும் மொத்தத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எவ்வளவு என்பதற்கு நான் பார்க்கும் கணக்கு இது: வெளியே 1,20,000 ரூபாய் வாங்கக்கூடியவர் உங்களிடம் 80,000க்கு வருகிறார் என்றால் வருடத்துக்கு 4,80,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். கம்பனியை நீங்கள் 2 கோடி 40 இலட்சமாக மதித்தால் அது 2 வீதம். அந்த மதிப்பு பெரும்பாலும் நம் ஆசைதான் என்பதால் அதற்கு மேலேயே கொடுக்க வேண்டும். முழுச் சம்பளத்தில் வரும் ஐந்தாவது ஆளுக்கு இதே அளவு எதற்கு? ஊழியர் எல்லோருக்குமாக 10 முதல் 20 வீதம் ஒதுக்குவதுதான் பொதுவான பழக்கம். பங்கு தருகிறோம் என்று சேமலாப நிதியின் 12 வீதத்தையும் நம்பிக்கை நிதியின் 3 வீதத்தையும் விட்டுவிட முடியாது.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனியின் 50 பங்குதாரர் வரம்பில் ஊழியர்கள் சேரமாட்டார்கள். ஆகவே அதைச் சாக்காகச் சொல்லிப் பங்கை மறுக்காதீர்கள்.

அமெரிக்க ஒப்பந்தத்தை அப்படியே பிரதியெடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆப்ஷன், அதாவது முன்பே பேசிய விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை, வைத்திருப்பவர் விலகினால் 90 நாளில் காசு கட்டி வாங்க வேண்டும், இல்லையேல் இழக்க வேண்டும் என்றிருக்கும். அது அந்நாட்டு வரிச்சட்டத்தை ஒட்டி வந்த பழக்கம், நமக்கு அந்தக் கட்டாயமில்லை. காசில்லாத பிள்ளை போக முடியாமல் நிற்பார். கடனைக் காட்டி ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இலேயே ஒழிந்தது. நாங்கள் இப்போது இரண்டு வருட அவகாசம் எழுதுகிறோம்.

அந்தத் தம்பியிடமிருந்து பாதிப் பங்கை விலைக்குத் திருப்பி வாங்க ஏழு மாதம் பிடித்தது. மீதி இன்னும் அவரிடம்தான்.