கையால் செய்ததைக் கொடுக்கும்போது விட்டுப்போகும் விவரங்கள்

காவிரிப் பக்கத்து வீடுகளில் கைவேலைக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கொல்லையில் பூவரசு நிற்கும், வாய்க்கால் கரையில் மூங்கில் கிடைக்கும், அடுப்படியில் கொட்டாங்கச்சி குவியும். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தால் தேக்குச் சட்டமே கைக்கு வரும். அதனால்தான் ஓய்வு பெற்றவர்கள், காலேஜ் பிள்ளைகள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று பலரும் உளியும் உப்புத்தாளுமாக உட்கார்கிறார்கள். மணை, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, கொலுவுக்குச் சின்னத் தேர் என்று செய்து உறவுக்கும் தெருவுக்கும் கொடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள். மனசுக்கு நிறைவான காரியம்தான். ஆனால் கொடுக்கிற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொருள் போகிறது, அதன் விவரம் போவதில்லை. என்ன மரம், எப்போது அறுத்தது, மேலே என்ன பூசியிருக்கிறது, எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நாலும் தெரியாமல் ஒரு மரச்சாமானை வாங்கி வைத்துக்கொள்பவர், அதை ஒரு வருஷத்தில் பாழாக்கிவிடுவார். தப்பு அவர் மேல் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஈரம் காயாத மரத்தில் செய்து கையோடு கொடுத்துவிடுவது. டெல்டாவில் இது அடிக்கடி நடக்கும். புயலடித்தால் மரம் சாயும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளே படுத்துவிட்டன. மாவும் புளியும் வேரோடு விழுந்தன. விழுந்த மரத்தை மரம் அறுக்கும் மில்லில் கொடுத்துப் பலகையாக்கியதும் ஆசை தாங்காது, அடுத்த மாதமே பெட்டி செய்யத் தோன்றும். ஒரு அங்குல கனமுள்ள பலகை நிழலில் தானாகக் காய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்பது தச்சு வேலையில் பழைய கணக்கு. வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் பலகை நெளியும், முனையில் பிளக்கும். பலகையின் இரண்டு முனைகள் வழியாகத்தான் ஈரம் மிக வேகமாக வெளியேறும். அதனால் அறுத்த அன்றைக்கே முனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசிவிட்டு, பலகைக்குப் பலகை நடுவே ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து, காற்றோட்டமான தாழ்வாரத்தில் அடுக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி தேவையில்லை. ஒரு துண்டை எடுத்து அதன் மேல் தேதியும் எடையும் பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துக் கீழே கீழே எழுதிக்கொண்டே வாருங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்போதுதான் அந்த மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு ஒத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டையே செய்த பொருளோடு சேர்த்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவருக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவதும் இந்தக் காரணத்தால்தான். பல பத்தாண்டுகள் கூரைக்கு அடியில் காய்ந்த மரம் அதற்குமேல் அவ்வளவாக அசையாது.

காய்ந்த மரமும் முழுக்க ஓய்ந்துவிடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குறுக்குவாட்டில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. வைகாசியில் சிக்கென்று பொருத்திய மூடி கார்த்திகையில் இறுகிக்கொள்ளும். கார்த்திகையில் நான்கு பக்கமும் பசை போட்டுச் சட்டத்துக்குள் அடைத்த பலகை, கோடையில் நடுவே வெடிக்கும். சட்டத்தில் காடி என்ற நீளப் பள்ளம் எடுத்து, பசை போடாமல் பலகையை அதற்குள் சும்மா உட்கார வைத்தால் அது தன் போக்கில் அசைந்துகொள்ளும். தூரத்து ஊருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். திருவாரூரில் மழைக்காலத்தில் செய்த தட்டு, சென்னையில் ஏசி ஓடும் அறைக்குப் போனால் சில வாரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும். ‘ஏசிக்கு நேராக வைக்காதீங்க, ஈரத்துணியால் துடைச்சா உடனே காயவிடுங்க’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துபோகும்?

அடுத்தது சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட சாமான்கள். இங்கே எனக்குச் சமரசமே கிடையாது. கரண்டி, காய் நறுக்கும் பலகை, தட்டு எல்லாவற்றையும் பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொடுக்கிறார்கள். கத்தி பட்டால் அது செதில் செதிலாகப் பெயர்ந்து சாப்பாட்டில் சேரும். நல்லெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுப்பும் காறல் வாடையும் வரும். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்ந்திருக்கும், அது சமையல் சாமானுக்கு ஆகாது. உணவுத் தரத்தில் கிடைக்கும் மினரல் ஆயிலில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கித் தடவுவது போதும். மாதம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மரமும் பார்த்து எடுக்க வேண்டும். இறைச்சிக் கடைக் கட்டைக்கே புளியமரம்தான். கரண்டிக்குப் பூவரசு நன்றாக இருக்கும். எட்டி, அரளி போன்ற நச்சு மரங்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. பெயர் தெரியாத கட்டையில் அலங்காரப் பொருள் செய்யலாம், அகப்பை செய்யக் கூடாது.

அகப்பை என்றதும் இன்னொன்று. கொட்டாங்கச்சியில் காம்பைச் சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டிக் கொடுக்கிறார்கள். கொதிக்கும் ரசத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? பழைய முறையில் கொட்டாங்கச்சியின் இரண்டு பக்கமும் துளை போட்டு, மூங்கில் காம்பை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இறுக்கிவிடுவார்கள். பசையே கிடையாது. காம்பு போனால் வேறு காம்பு மாட்டிக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் பொம்மை, நடைவண்டியில் பெயின்ட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பழைய ஜன்னல், கதவுப் பலகையை எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்க வாய்ப்புண்டு. அந்தப் பலகை பொம்மைக்கு வேண்டாம். சரக்கு வரும் பேலட் கட்டையில் ‘எம்பி’ (MB) என்ற முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது என்று பொருள், அதையும் ஒதுக்கிவிடுங்கள். ‘ஹெச்டி’ (HT) என்றிருந்தால் சூடு காட்டிப் பக்குவம் செய்தது.

செய்முறையை மற்றவர்களுக்குச் சொல்லித் தரும்போது அழகான பகுதியை மட்டும் சொல்லி ஆபத்தை விடுவதும் நடக்கிறது. ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். கொட்டாங்கச்சியைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நெஞ்சுக்குள் போகாமல் முகக்கவசம் போட வேண்டும். தென்னங்கட்டையில் சிலிக்கா இருப்பதால் ரம்பம் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய ரம்பத்தை அழுத்தி இழுக்கும்போதுதான் கையில் வெட்டு விழும்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் நெட்டிச் செடியின் தக்கையில் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வீட்டில் ஆசைக்குச் செய்து அந்தப் பெயரில் விற்பது சரியல்ல. ‘தலையாட்டி பொம்மை, வீட்டில் செய்தது’ என்று சொன்னால் போதுமே. அதேபோல கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் சிஎன்சி மிஷினில் செதுக்கி வாங்கிய பூவேலையைக் கையால் செதுக்கியது என்று சொல்லாதீர்கள். உளி பிடித்தே பிழைக்கும் ஆசாரியின் கூலி அந்த ஒரு பொய்யால் அடிபடுகிறது. பலகையை மிஷினில் இழைத்தேன், பூவேலை மட்டும் கையால் செய்தேன் என்றால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் சொல்லுங்கள்.

படம் எடுப்பவர்கள் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ ஸ்கேலோ வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் அளவும் நிறமும் புரியும். அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள், மூட்டு அங்கேதான் தெரியும்.

அப்புறம், மிச்சம் விழுந்த துண்டுகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். எந்தச் சாமானில் மிஞ்சியது என்று எழுதி ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். பெட்டியின் மூலை உடைந்தது என்று யாராவது திரும்பக் கொண்டுவந்தால், அதே மரத்தில் ஒட்டுப்போட அந்தத் துண்டு வேண்டும்.