அம்மாவின் காஞ்சிபுரம் சாறியில் மகளுக்குப் பாவாடை தாவணி: யாழ்ப்பாணத்தில் தைப்பிக்கப் போகிறவர்களுக்கு

மூன்று கிழமை லீவில் ஊருக்குப் போய், அதற்குள் சாமத்தியச் சடங்குக்கோ கல்யாண வீட்டுக்கோ தைப்பித்து எடுப்பதென்றால், இறங்கிய மூன்றாம் நாளுக்குள் துணி தையற்காரர் கையில் இருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் தையற்கடைகளில் கூட்டம்; ஆவணிக் கல்யாணங்களும் சேர்ந்துகொள்ளும். “நாளைக்கு வாங்கோ” என்பதை இரண்டு மூன்று தரம் கேட்கத்தான் வேண்டிவரும். விழாத் திகதியை நான்கு நாள் முன்தள்ளிச் சொல்வதில் பாவமில்லை.

கூறைச் சாறி என்றால் கத்தரி வைக்கமுதல் அம்மம்மாவைக் கேளுங்கள். சில வீடுகளில் அதை வெட்ட விடமாட்டார்கள்.

பெட்டியில் வைக்கமுன் சாறியை விரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே அறும். சரிகை உள்ள இடத்தில் இன்னும் கெதியாக. இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் இழை விலகுகிறதா என்று தெரிந்துவிடும். ஈரமான வெள்ளைத் துணியைக் கரையில் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால், அயன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்க வேண்டாமென்று கடையில் சொல்லிவிடுங்கள்.

கணக்கு இப்படி: சாறி நீளம் ஐந்தரை மீற்றர். பாவாடைக்கு 3 மீற்றர் போதும். 26 அங்குல இடுப்புக்கு அதுவே நாலரை மடங்கு. கூடினால் இடுப்பில் மொத்தையாக நிற்கும். தலைப்பு ஒரு மீற்றரில் பிளவுஸின் கையும் முதுகும். மிச்சம் ஒன்றரை மீற்றரில் முன்பக்கமும் ஒட்டுத் துண்டுகளும். தாவணிக்கு இரண்டரை மீற்றர் மெல்லிய துணி புதிதாக வாங்க வேண்டும். சாறியைக் கையோடு கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள்.

சாறியின் அகலம் ஏறக்குறைய 47 அங்குலம். மேற்கரையை இடுப்புக்குள் மடித்தால் சரிகை தடித்துக் குத்தும். 4 அங்குலக் கரையென்றால் அதை வெட்டிக் கை விளிம்புக்கு வைக்கலாம். மிஞ்சும் 43 அங்குலத்தில், பாவாடை உயரம் 40 போக, இரண்டரை அங்குலத்தைக் கீழ்க்கரைக்குச் சற்று மேலே உள்மடிப்பாகக் கைத்தையலில் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர அவிழ்த்துவிடலாம். ஃபோல் (சாறியின் கீழ்க்கரைக்கு உட்புறம் வைக்கும் துணிப் பட்டி) தைத்திருந்த கரை தேய்ந்திருக்கும். மற்றக் கரையைக் கீழே வைக்கலாம்தான், ஆனால் மயிலோ அன்னமோ இருந்தால் தலைகீழாக நடக்கும்.

லைனிங்குக்குப் பருத்தித் துணி. பொலியெஸ்ரர் அந்த வெயிலில் வியர்வையைப் பிடித்துவைத்துப் பட்டில் கறையாக்கும். வெட்டமுன் ஒருதரம் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே லைனிங் சுருங்கி, பட்டு வெளியில் பொங்கி நிற்கும்.

வட்ஸ்அப்பில் அளவு அனுப்பித் தைப்பிப்பதுதான் அதிகம் பிழைக்கிற இடம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இரண்டு மாதத்திலேயே மார்பளவு மாறும். இப்போது பொருந்துகிற பிளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுங்கள். விழாவன்று போடும் உள்ளாடையோடும் செருப்போடுமே போட்டுப் பார்க்கப் போங்கள். லைனிங் மூடமுன், வெறும் நூலோடலில் (பிறகு உருவிவிடும் தற்காலிகக் கைத்தையல்) பிடித்த நிலையில் பார்ப்பது முக்கியம்: பட்டில் மெஷின் ஊசி போட்ட ஓட்டை பிரித்தாலும் மறையாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். பிளவுஸ் முழுதும் மேலே ஏறினால் அக்குள் வெட்டு ஆழம். தையலைத் தளர்த்தித் தீராது, ஒட்டுத் துண்டுதான் வைக்க வேண்டும். பக்கத் தையலுக்குள் ஒன்றரை அங்குலம் விடவும் சொல்லுங்கள்.

வெட்டுத்துண்டுகளை முதல் நாளே கேட்டு வையுங்கள். சொல்லாவிட்டால் குப்பைக்குப் போய்விடும். அடுத்த வருடம் ஒட்டுப் போட அதே பட்டுக்கு எங்கே போவது?