பெரிய ஏரியில் சால்மன் பிடிக்கப் புதிய நண்பர்களோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து சிகாகோ, மில்வாக்கி பக்கம் வேலைக்குச் செல்லும் இளைஞர்களை, அங்கே பழக்கமான நண்பர்கள் கோடையில் மிச்சிகன் ஏரிக்குச் சால்மன் பிடிக்க அழைப்பதுண்டு. மேட்டூர் அணையில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் ஆர்வத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் கரையில் அவரவர் தூண்டிலை அவரவர் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அந்தப் படகில் உதவாது. ட்ரோலிங் என்னும் அந்த முறையில், படகு மணிக்கு இரண்டு முதல் மூன்று மைல் வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்க, பல தூண்டில்கள் வெவ்வேறு ஆழங்களில் பின்னால் இழுபட்டு வரும். எந்தத் தூண்டிலும் தனியொருவருக்குச் சொந்தமன்று. படகிலுள்ள எல்லோரும் சேர்ந்து மீன் பிடிக்கிறார்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை உணராததால் வருபவை.

முதல் தவறு, அதை ஏரிதானே என்று எண்ணுவது. மேட்டூர் நீர்த்தேக்கம் 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போதும் ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர்தான். மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், அதன் மிக ஆழமான இடம் 281 மீட்டர். காற்று கிளம்பினால் அங்கே எழுவது கடலலைதான். ஏரியில் பெருகிவிட்ட ஏல்வைஃப் என்னும் சிறு மீனைத் தின்று கட்டுப்படுத்தும் என்று 1966-இல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அடுத்த ஆண்டே மீன்கள் பெருத்துக் கரையோரம் திரண்டதும், சிறு படகுகளில் கூட்டம் கூட்டமாக மக்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். 1967 செப்டம்பர் 23 அன்று, எச்சரிக்கையையும் மீறிச் சென்ற படகுகளைப் புயல் கவிழ்த்ததில் 7 பேர் இறந்தனர். ஆகவே உயிர்காப்புச் சட்டையை மடித்து இருக்கைக்கடியில் வைக்காதீர்கள். வெயில் காயும் நாளிலும் காற்றின் போக்கால் அடிநீர் மேலெழுந்து ஏரி குளிர்ந்துவிடும். படகுக்காரர் திரும்பலாம் என்றால், ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் அரை மணி நேரம் பாக்கலாம்ணா’ என்று வற்புறுத்தவே கூடாது. புதிய நண்பர்களின் மனம் கோணக்கூடாது என்று அவரும் இணங்கிவிடக்கூடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆழம் பற்றிய தவறான எண்ணம் அடுத்தது. கெளுத்திக்குப் போடுவதுபோல் இரையைத் தரைக்கு இறக்கினால் சால்மன் கிடைக்காது. சினூக் சால்மன் ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நீரை நாடும். கோடையில் மேல்நீர் சூடேறியபின், அந்தக் குளிர்ச்சி இருக்கும் அடுக்கிலேயே அது பெரும்பாலும் திரியும். அதனால்தான் டவுன்ரிக்கர் என்னும் கருவியில் நாலைந்து கிலோ எடையுள்ள ஈயக் குண்டைக் கம்பியில் இறக்கி, தூண்டில் நரம்பை ஒரு கவ்வியால் அதனோடு பிணைத்து, வேண்டிய ஆழத்தில் இரையை ஓட்டுகிறார்கள். ரீலில் தெரியும் எண், எத்தனை அடி நரம்பு வெளியே போயிருக்கிறது என்பதற்கான கணக்கு. கை சும்மா இருக்கிறதே என்று அதைத் திருகினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

மீன் கடிக்கும் நொடியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் கோலின் நுனி தாழ்வதற்குக் காத்திருப்போம். டவுன்ரிக்கரிலோ கோல் முன்பே வில்லாக வளைந்திருக்கும். மீன் அடித்ததும் கவ்வி விட்டுப்போக, நுனி சட்டென்று நிமிர்ந்து, நரம்பு தொய்ந்து, அதன் பிறகே கீழே வெட்டி இழுக்கும். நிமிர்ந்ததைக் கண்டு மீன் போய்விட்டது என்று நிற்பவர்கள் உண்மையிலேயே மீனை இழக்கிறார்கள். உடனே கோலை எடுத்துத் தொய்வு தீரும்வரை வேகமாகச் சுற்ற வேண்டும். நுனி லேசாகத் துடித்துக்கொண்டே இருந்தால், கவ்வியை விடுவிக்க வலுவில்லாத சிறு மீன் மாட்டியிருக்கலாம். சொல்லாமல் விட்டால் அதைத் தெரியாமலே வெகுநேரம் இழுத்துச் செல்ல நேரும்.

பெரிய சினூக் ஓடத் தொடங்கினால் நூறடிக்கு மேலும் நரம்பை உருவிக்கொண்டு போகும். அப்போது பதற்றத்தில் ரீலின் இறுக்கத்தைக் கூட்டுவதும், நரம்பைக் கையால் பிடிப்பதும் தூண்டில் முள்ளைப் பிய்த்துவிடும், அல்லது விரலை அறுத்துவிடும். அது ஓடும்போது விட்டுவிட்டு, நின்றபின் கோலைத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்றுவதே முறை. படகின் அருகே வந்ததும் மீனின் வாலைத் துரத்தி வலையை வீசாமல், தலை முதலில் நுழையும்படி நீரில் வலையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும்.

இந்த நேரத்தில் மற்றவர்கள் ஓரமாகக் கூடி வீடியோ எடுப்பது எனக்கு ஏற்புடையதன்று. படகின் பின்னால் ஓடும் நரம்புகள் சேலம் அம்மாபேட்டைத் தறியில் பூட்டிய பாவு போன்றவை. ஓர் இழை தாறுமாறானால் பக்கத்து இழைகளும் சிக்கும். பக்கத்துத் தூண்டிலைச் சுற்றி எடுக்கவும், வலையை நீட்டவும் ஆள் வேண்டும். படகு திரும்பும்போது உள்பக்க இரைகள் வேகம் குறைந்து இறங்கும், வெளிப்பக்க இரைகள் விரைந்து ஏறும். அந்த மாற்றத்திலேயே பல மீன்கள் கடிப்பதால், அப்போது கவனம் சிதறக்கூடாது. அடுத்த மீன் யாருடைய முறை என்பதைத் துறையிலேயே பேசிவைத்துவிட்டால் மனக்கசப்பு வராது.

மீன்பிடி அனுமதிச்சீட்டை அவரவர் முன்பே வாங்கிவிட வேண்டும். எரிபொருள் செலவில் பங்கைக் கேட்பதற்கு முன் கொடுப்பதே மரியாதை.

கடைசித் தவறு அடுப்படியில் நிகழ்வது. மேட்டூர் கட்லாவின் தலையைக் குழம்புக்கு எடுத்துவைப்பதுபோல் பெரிய சால்மனின் தலையையும் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவைக்கக் கூடாது. பி.சி.பி. என்னும் தொழிற்சாலை நச்சு இந்த ஏரி மீன்களின் கொழுப்பில் சேர்கிறது. வயதும் அளவும் கூடக்கூட அதுவும் கூடும். தோல், வயிற்றுப் பகுதி, முதுகோரக் கொழுப்பு ஆகியவற்றை நீக்கி, கொழுப்பு வடியும்படி சுட்டுச் சாப்பிடுவது நச்சின் அளவைக் குறைக்கும். எந்த மீனை எத்தனை நாளுக்கொருமுறை உண்ணலாம் என்று அந்தந்த மாநில அரசு வெளியிடும் அறிவுரையைப் படித்துவிட்டே, குறிப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில், பங்கு பிரித்துக் கொடுங்கள்.