சாவியைத் திருப்பும் முன் ட்ரில்லை எடுங்கள்

ஷெவர்லே 350 போன்ற பழைய ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினைப் பிரித்துக் கட்டினால், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) கழற்றிய துளை வழியாக ஆயில் பம்பை ட்ரில்லால் வலப்பக்கமாகச் சுற்றிவிடுங்கள். ஆயில் ஏறியதும் ட்ரில் சத்தம் மாறித் திணறும், ஆயில் பிரஷர் கேஜ் முள் எழும். அப்புறம் கிராங்கை (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) கையால் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி, வால்வுகளை அமுக்கித் திறக்கும் 16 ராக்கரிலும் ஆயில் வருகிறதா என்று பாருங்கள்.

புதிதாகக் கட்டிய எஞ்சினின் ஆயில் வழிகளில் இருப்பது காற்றுதான். பேரிங்கில் தடவிய அசெம்பிளி லூப் (கட்டும்போது பூசும் மசகு) கொஞ்ச நேரம்தான் தாங்கும். காய்ந்த பேரிங் சில நொடிகளிலேயே கீறல் விழுந்துவிடும், செலவு மறுபடி முதலிலிருந்து.

பம்பைச் சுற்ற ட்ரில்லில் வெறும் ஸ்க்ரூடிரைவர் பிட்டை மாட்டினால் அரைக்கிணறுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் பகுதிதான் லிஃப்டருக்கு (ராக்கரைத் தள்ள உதவும் பாகம்) போகும் ஆயில் வழியை அடைத்துத் திருப்பிவிடுகிறது. அது இல்லையென்றால் ஆயில் அங்கேயே ஒழுகிவிடும். கழித்துப்போட்ட டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் கியர் பற்களைத் தேய்த்தெடுத்தால் அருமையான கருவி. வேலை முடிந்ததும் 1-ஆம் சிலிண்டரை கம்ப்ரெஷன் டாப்புக்கு (கம்ப்ரெஷனில் பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) கொண்டுவந்து அசல் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்துங்கள்.

ஃபோர்டு 302-இல் பம்ப் இடப்பக்கமாகச் சுற்றும், கவனம். ஷெவர்லேயின் பிற்கால வி8 வகையான எல்எஸ் எஞ்சின்களில் பம்ப் கிராங்கின் முனையிலேயே இருப்பதால் இந்த வித்தை செல்லாது. அங்கே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும்.