மொறுமொறுவோ, பொலபொலவோ? பலகாரத்துக்குச் சொல்லுப் பிடிக்கிற விதம்

நான் கிளிநொச்சியில வீட்டிலயே பலகாரம் செய்து வாட்ஸ்அப்பில விக்கிறனான். சித்திரை வருசத்துக்குப் பயத்தம் பணியாரப் படம் போட்டு "கை வைச்சாலே நொறுங்கும்" எண்டு பெருமையா எழுதிவிட்டன், உடன ஒரு அக்கா கேட்டா, "பிள்ளை, நொறுங்கினதையோ அனுப்பப் போறீர்?" எண்டு. அண்டைக்குத்தான் இந்தச் சொல்லுகளோட மினக்கெடத் தொடங்கினனான்.

முதல்ல சாமானைக் கையால உடைச்சுப் பாருங்கோ, அகராதி பிறகு. புழுக்கொடியல், அதுதான் அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு, படக்கெண்டு ரெண்டாப் போகும், அது முறியிறது, ஒடியிறது. முருங்கைக் கொப்பும் அப்பிடித்தான், ஏறி விழுந்தவைக்குத் தெரியும். பொரிச்ச அப்பளம் தட்டுப்பட்டாலே பத்துத் துண்டு, அது நொறுங்கிறது. புட்டு இதொண்டும் இல்லை, ஒண்டோட ஒண்டு ஒட்டாமக் கழண்டு விழும், அது உதிருறது.

அடுத்தது கண்ணை மூடிக்கொண்டு கடியுங்கோ. பல்லில சத்தம் கேட்டா மொறுமொறு. சத்தமில்லாம உதிர்ந்தா பொலபொல, நல்ல புட்டுக்கும் பதம் பாத்து உழுத வயல் மண்ணுக்கும் அதே சொல்லுத்தான். கரகரப்பு நாக்குக்குத் தெரியிறது, ரவை மாதிரி. நறநற எண்டு மட்டும் எழுதிப் போடாதீங்கோ, அது மண் கடிபடுற சத்தம், கருவாடு விக்கிற ஆள் எண்டா வியாபாரம் அதோட சரி.

நான் மாட்டுப்பட்டது பயத்தம் பணியாரத்திலதான். வறுத்த பயறு மாவைத் தேங்காய்ப்பூவும் சீனிப்பாகும் விட்டுக் குழைச்சு உருட்டி, அரிசிமாக் கரைசல்ல தோய்ச்செல்லோ பொரிக்கிறம், அப்ப தோல் மெல்லிசா மொறுமொறுக்கும், உள்ளுக்கை பல்லுப்பட்ட உடன மாவா உதிரும், ரெண்டுக்கும் சேத்து ஒரு சொல்லுத் தேடி நாலு நாள் மண்டையை உடைச்சன். அப்பிடி ஒரு சொல்லுத் தேவையே இல்லை. "தோல் மொறுமொறு, உள்ளுக்கை பொலபொல." முடிஞ்சுது.

பிறகு வாலை ஒட்டுங்கோ: மொறுமொறுவெண்டு, மொறுமொறுப்பு, மொறுமொறுப்பான. இரட்டைக்கிளவி எண்டபடியா "மொறு" தனிய நிக்காது. குரலால டைப் பண்ணுறதை நான் விட்டுட்டன், என்ர போன் பொலபொலவைப் பளபள ஆக்கி, புட்டு பளபளக்குது எண்டு குறூப்பில போய் நாள் முழுக்கச் சிரிப்பு.

பிறகு சேர்த்தது: முல்லைத்தீவில இருந்து ஒரு அண்ணா கேட்டவர், உக்கின தடியும் உதிருதுதானே, அதையும் பொலபொல எண்டலாமோ எண்டு. உதிரும் அண்ணா, ஆனா சாப்பாட்டிலயும் மண்ணிலயும் பொலபொல எண்டா பதம் சரி எண்ட கதை அதுக்குள்ள கிடக்கு. தடி பழுதாகி உதிருது, அதுக்கு உக்கினது எண்டதே காணும்.

நொறுங்கின பணியாரத்தை இப்ப வேற பையில போட்டுப் பாதி விலைக்கு விக்கிறன். கூடுதலா வாங்குறது அந்த அக்காதான்.