கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு சஃபாரி: பூங்கா, ஜீப், சாப்பாடு, நேரம்

சஃபாரி என்றதும் கொழும்புக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது யால. காரணம் சிறுத்தை. வீட்டில் பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அந்த ஆசையைக் கொஞ்சக் காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். சிறுத்தை கண்ணில் பட்டாலும் எங்கோ தள்ளி ஒரு பாறையிலோ மரக்கிளையிலோதான் படுத்திருக்கும். முன்னால் வரிசையாக ஜீப்புகள் நிற்கும். தொலைநோக்கியைப் பிடித்துப் பார்க்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் பாறைதான். யானை அப்படியல்ல. வெறுங்கண்ணுக்கே தெரியும், நின்று புல்லுத் தின்னும், குட்டி தாயின் காலுக்குள் நுழைவதைப் பிள்ளை கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்கும். முதற்பயணத்துக்கு யானை நிச்சயமாகத் தெரியும் ஒரு பூங்கா, ஓர் இரவுத் தங்கல், ஓர் அரைநாள் ஜீப் பயணம் போதும். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பிள்ளைகள் களைத்துப்போவார்கள்.

எந்தப் பூங்கா, எந்த மாதம்

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளில்தான் பெரும்பாலும் போக முடியும் என்பதால், மாதத்துக்கு ஏற்ற பூங்காவைத் தெரிவு செய்யுங்கள்.

எந்த மாதத்துக்கும் பொருந்துவது உடவளவை. 1972இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். பரப்பு 308 சதுர கிலோமீற்றர், நடுவில் நீர்த்தேக்கம், சுற்றிலும் புல்வெளியும் பற்றைக்காடும். அடர்ந்த காடு குறைவு என்பதால் யானைக் கூட்டம் தூரத்திலேயே தெரிந்துவிடும். அருகிலேயே 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளைப் பால் கொடுத்து வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். தொடவோ கிட்டப் போகவோ விடமாட்டார்கள்; மேடையில் நின்று பார்ப்பதுதான். பால் கொடுக்கும் நேரம் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை: காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3. அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், ஆகவே கால் மணித்தியாலம் முன்பே போய் முன்வரிசையில் பிள்ளைகளை நிறுத்துங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதுவே போதும், ஜீப்பே வேண்டாம்.

ஆகஸ்ட் என்றால் மின்னேரியா. வறட்சியில் குளத்து நீர் வற்ற, ஈரத் தரையில் புதுப்புல் முளைக்கும். சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். குளத்தில் நீர் இறங்காமல் நின்றால் புல் முளைக்காது, யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்ல பூங்காவுக்குப் போய்விடும். அதனால் ஹபரணயில் தங்கி, அன்றைக்கு யானை எங்கே என்று மதியம் சாரதியிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். "மின்னேரியாதான் வேண்டும்" என்று அடம்பிடித்தால் வெறும் குளத்தைப் பார்த்துவிட்டு வரலாம். இங்கே மட்டும் மாலைப் பயணமே சிறந்தது. பிற்பகல் 3 மணிக்குப் பிறகுதான் யானைகள் வெளிக்குள் இறங்கும்.

வில்பத்து நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகள் அழகானவை, ஆனால் நீண்ட காட்டுப்பாதையில் ஒன்றும் தெரியாமல் ஒரு மணித்தியாலம் ஓட வேண்டிவரும். பத்து வயது தாண்டிய, பொறுமையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அது. பாலைப்பழக் காலத்தில், மே முதல் ஜூலை வரை, பழம் தின்ன மரமேறும் கரடியைப் பார்க்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

யாலவுக்கே போவதானால் பெப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில் போங்கள். முதலாம் வலயத்தை வழமையாக செப்டெம்பரில் மூடி ஒக்டோபர் நடுப்பகுதியில் திறப்பார்கள். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையும் போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதிகளும் வேண்டாம். ஜீப் நெரிசலில் புகையும் புழுதியும்தான் மிஞ்சும். கதிர்காமம் போகும் குடும்பங்கள் யாலவையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் முதல்நாள் மாலைப் பூசை, மறுநாள் காலை காடு என்று வைத்து, பலட்டுபான வாயிலுக்குப் பதிலாக கட்டகமுவ வாயிலால் நுழைய முடியுமா என்று ஜீப்காரரிடம் கேளுங்கள். கதிர்காமத்துக்கு அதுதான் கிட்ட.

நான்கு வயதுக்குக் கீழே என்றால் ரிதியகம சஃபாரி பூங்கா. 2016இல் திறந்தது, மூடிய பேருந்தில் ஏற்றிச் செல்வார்கள். அது காடு அல்ல, திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலை. அந்த வயதுக்கு அதில் பிழையில்லை.

ஜீப் பேசும்போது

செலவில் பெரிய பங்கு ஜீப் வாடகை. அது தலைக்கு அல்ல, வண்டிக்கு. பின்னால் உயர்த்திய இருக்கைகள் பெரும்பாலும் ஆறு. இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தால் மலிவுதான், ஆனால் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எட்டுப் பேர் ஏறினால் ஒருவருக்கும் சுகமில்லை. மற்றக் குடும்பம் சிறுத்தைக்கு அலைய, உங்கள் பிள்ளை மலசலகூடம் கேட்கும். பகிர்வதானால் ஒத்த வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தோடு மட்டும்.

தொலைபேசியில் பேசும்போதே இவற்றைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வாடகையில் எத்தனை மணித்தியாலம்? நுழைவுச்சீட்டும் வாகனக் கட்டணமும் அதற்குள்ளா, வெளியிலா? தங்குமிடத்துக்கு வந்து ஏற்றுவாரா? கூரையும் மழைப் படங்கும் உண்டா? இருக்கைகள் முன்னோக்கியவையா, பக்கவாட்டு வாங்குகளா? பக்கவாட்டு வாங்கு என்றால் வேறு ஜீப் தேடுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது பிள்ளை வழுக்கி விழும், வாந்தியும் வரும். தமிழ் பேசும் சாரதி கிடைத்தால் பிள்ளைகளே நேராகக் கேள்வி கேட்கலாம். கிடைக்காவிட்டால் சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவர் அவர் சொல்வதை உடனுக்குடன் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

முழுநாள் பயணத்தை விற்கப் பார்ப்பார்கள். பிள்ளைகளோடு மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் மிருகங்களும் நிழலுக்குப் போய்விடும், பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள்.

இருக்கை விடயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. உயரமாக இருக்கிறதென்று பிள்ளைகளைக் கடைசி வரிசையில் இருத்துகிறார்கள். பின் அச்சுக்கு மேலேயும் அப்பாலும் உள்ள இருக்கைதான் மிகக் கூடத் தூக்கிப் போடும். பிள்ளைகள் முன்வரிசையில், பக்கத்தில் ஒரு பெரியவர், கம்பியைப் பிடித்த கையோடு. கழுத்து நிமிராத கைக்குழந்தையை ஜீப்பில் ஏற்றவே வேண்டாம். ஒருவர் குழந்தையோடு தங்குமிடத்தில் நிற்கட்டும்.

நுழைவுச்சீட்டுக்கு இலங்கையர் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகளின் வயதை உறுதிப்படுத்த பிறப்புச் சான்றிதழின் படம் கைத்தொலைபேசியில் இருந்தால் வாயிலில் வாதாட வேண்டியதில்லை. இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் வரும்போதுதான் கணக்குப் பிழைக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவருக்கு வெளிநாட்டவர் கட்டணம், அது பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அதற்கான சான்றிதழையோ இலங்கை அடையாள அட்டையையோ எடுத்து வரச்சொல்லி முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ஜீப் வாடகையைவிடச் சீட்டுச் செலவு கூடிவிடும்.

இரண்டு நாள் ஒழுங்கு

உடவளவையை வைத்துச் சொல்வதானால்: முதல்நாள் காலை ஆறு மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்படுங்கள். அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மடுல்ல, எம்பிலிப்பிட்டிய வழி தூரம் குறைவு, வளைவு அதிகம். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் தெற்கு அதிவேகப் பாதையில் போய் சூரியவெவ ஊடாக வாருங்கள். சுற்று என்றாலும் வயிறு குழம்பாது. அதிவேகப் பாதையில் வெலிப்பென்ன ஓய்விடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள்; பிள்ளை "வரவில்லை" என்று சொன்னாலும் மலசலகூடத்துக்குக் கூட்டிப்போங்கள். பகல் சாப்பாடு, சின்ன உறக்கம், மூன்று மணிக்கு யானைக்குட்டிகள், ஏழரைக்கு இரவுச் சாப்பாடு, எட்டரைக்குப் படுக்கை.

மறுநாள் ஐந்தரைக்கு ஜீப் வாசலில் நிற்கவேண்டும், ஆறு மணிக்குப் பூங்கா வாயிலில் நீங்கள் நிற்கவேண்டும். இங்கேதான் குடும்பங்கள் ஒரு மணித்தியாலத்தைத் தொலைக்கின்றன. அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைக்கப் பார்ப்பதுதான் காரணம். குளிப்பு திரும்பி வந்த பிறகு. பயண உடுப்போடேயே இரவில் படுக்கவிடுங்கள். ஒன்பதரைக்கு வெளியே வந்து, குளித்து, சாப்பிட்டு, பதினொன்றுக்குப் புறப்பட்டால் வெளிச்சத்தோடு கொழும்பு.

இருட்டிய பிறகு காட்டோரப் பாதைகளில் ஓட வேண்டாம். உடவளவை தணமல்வில வீதியிலும் கதிர்காமம் புத்தளை வீதியிலும் யானைகள் ஓரத்தில் நிற்கும், சில வாகனத்தை மறித்துப் பழம் கேட்கும். வாழைப்பழம் நீட்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம் இருக்க, அப்படிப் பழகிய யானைதான் அடுத்த வாகனத்துக்குள் தும்பிக்கையை விடுகிறது. கண்ணாடியை ஏற்றி, ஹோன் அடிக்காமல், இடம் கிடைக்கும்வரை நில்லுங்கள்.

பையில் என்ன

ஜீப்புக்குத் தலைக்கு ஒரு லீற்றர் தண்ணீர், கூடுதலாக ஒன்று கைகழுவ. பொலித்தீன் உறைகள் வேண்டாம். சாப்பாட்டை டப்பாவில் போடுங்கள். சீனிச் சம்பல் வைத்த பாண், கெட்டியான இட்லி, வாழைப்பழம் நல்லவை. பால் கலந்த பானமும் எண்ணெய்ப் பலகாரமும் குலுங்கும் ஜீப்பில் திரும்பி வெளியே வரும். புறப்படுமுன் இரண்டு பிஸ்கட்டும் ஒரு மிடறு தேநீரும் போதும். இடைநிறுத்தத்தில் குரங்குகள் டப்பாவைப் பிடுங்கும், ஆகவே ஜீப்புக்குள் இருந்தே சாப்பிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் குடும்பம் என்றால் தங்குமிடத்துக்கு முதல்நாளே சொல்லி, மாசிச் சம்பல் போடாமல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலை ஆறு மணிக் காற்று குளிரும், ஒன்பது மணி வெயில் சுடும். மெல்லிய நீள்கை மேற்சட்டை ஒன்று, கட்டும் நாடாவுள்ள தொப்பி, புழுதிக்குத் துணி முகக்கவசம். தொலைநோக்கி 8 மடங்குக்கு மேல் வேண்டாம், கை நடுக்கத்தில் படம் நிற்காது. பிள்ளைகளுக்குப் பழக்கம் வர முந்திய வாரம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தியசரு பூங்காவுக்கோ கூட்டிப்போங்கள். 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாகக் கொழும்பு அங்கீகாரம் பெறக் காரணமான சதுப்புகளில் இவையும் அடங்கும். தொலைநோக்கியில் நீர்க்காகத்தைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை யானையை இலகுவாகப் பிடிக்கும்.

மருந்துப் பையில் பரசிற்றமோல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), நுளம்பு விரட்டி. இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆகவே மலேரியா மாத்திரை தேவையில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், விரட்டியைக் காலையிலேயே பூசுங்கள். பம்பர்ஸ் பழக்கம் விட்ட பிள்ளைக்கும் அன்றைக்கு ஒன்று போட்டுவிடுவது நல்லது, காட்டுக்குள் மலசலகூடம் ஓரிரு இடத்தில்தான்.

ஜீப்பில்

பிள்ளைகளுக்கு மூன்று கட்டளை: எழும்பி நிற்கக்கூடாது, கையை வெளியே நீட்டக்கூடாது, மிருகத்தைக் கண்டால் கத்தாமல் விரலால் காட்டவேண்டும். ஒரு தாளில் பத்து மிருகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துப் பார்த்ததை அடையாளமிடச் சொல்லுங்கள்: மயில், உடும்பு, முதலை, எருமை, புள்ளிமான், மரை, நரி, குரங்கு, இருவாய்ச்சி, யானை. சிறுத்தையைச் சேர்க்க வேண்டாம், காணாவிட்டால் முகம் வாடும்.

சாரதியிடமும் ஏறுமுன்பே சொல்லுங்கள்: தொலைபேசியில் சிறுத்தை என்று தகவல் வந்தாலும் விரட்டி ஓட்ட வேண்டாம், யானையிடம் இருபது நிமிடம் நிற்கலாம். காது விரித்துத் தலையை உயர்த்தி நேரே பார்க்கும் யானையும், கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானையும் கிட்டப் போகக்கூடியவை அல்ல. "கிட்டப் போங்கள்" என்று சாரதியை நெருக்குவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் அப்பாமார்தான்.

திரும்பி வந்த பிறகு

குளிப்பாட்டும்போது காதுமடல், காதுக்குள், அக்குள், இடுப்புப் பட்டி, தலைமயிரோரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தோலில் ஒட்டியிருந்தால் சாவணத்தால் தோலுக்கு மிகக் கிட்ட உண்ணியைப் பிடித்து நேரே இழுத்தெடுங்கள்; தீக்குச்சி, எண்ணெய் வேண்டாம். காதுக்குள் இருந்தால் நீங்கள் கைவைக்காமல் வைத்தியரிடம் போங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டெங்குப் பரிசோதனை செய்யும் வைத்தியரிடம் காட்டுக்குப் போனதையும் உண்ணி கடித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து வேறு.