நடுவயதில் நிலைத்துவிடும் முகச் சிவப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மாதங்களுக்கு முன்பு, 47 வயதுள்ள ஒரு பெண்மணி, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்களே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு தஞ்சாவூரில் உள்ள என் அழகு நிலையத்துக்கு வந்தார். அவருடைய கன்னங்களும் மூக்கும் கன்றிப்போய், பவுடர் பூசியும் மறையாத கருஞ்சிவப்பில் இருந்தன. "ஃபேஷியல் செய்தால் சரியாகிவிடுமா, மேடம்?" என்று கேட்டவர், கைப்பையிலிருந்து பாதி பிதுக்கிய ஒரு ட்யூபை எடுத்துக் காட்டி, "இதைப் போட்டால் இரண்டே நாளில் அடங்கிவிடுகிறது, நிறுத்தினால்தான் மறுபடியும் வந்துவிடுகிறது" என்றார். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, என்னுடைய 44-ஆவது வயதில், அதே மருந்துகள் கலந்த ஒரு ட்யூப் என் கைப்பையிலும் இருந்தது. அவர் சொன்ன அதே வாக்கியத்தை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

முகத்தைக் கிள்ளக் கூடாது, உச்சி வெயிலில் அலையக் கூடாது என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தே, நல்லது என்று நம்பியே நாம் செய்யும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிவப்பைக் கண்ணால் மட்டும் தேடுவது

ரோசேசியா என்ற இந்த நோய் வெள்ளைத் தோல்காரர்களுக்கு மட்டுமே வருவது என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தலைகாட்டும் இந்தத் தோல் அழற்சி மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் வருகிறது. ஆனால் அந்த நிறங்களில் அது சிவப்பாகத் தெரியாமல், கருமையாகவோ மங்கிய ஊதாவாகவோ தெரிவதால், மங்கு என்று பெயரிட்டு அதற்குரிய பூச்சுகளைப் பூசத் தொடங்கிவிடுகிறோம். மங்கு எரியாது. ரோசேசியா உள்ள கன்னம் எரியும், சுடும், சோப்புத் தண்ணீர் பட்டாலே குத்தும். கண்ணாடிக் குவளையின் ஓரத்தைக் கன்னத்தில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்து, எடுத்தவுடன் நிறம் திரும்பி வந்தால், அங்கே இரத்த நாளங்கள் விரிந்திருக்கின்றன என்று பொருள்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் உடல் சூட்டோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு; நான் ஓராண்டு அப்படித்தான் குழம்பினேன். அந்தச் சூடு மார்பிலும் கழுத்திலும் பரவி, வியர்வையைக் கொண்டுவந்து, சில நிமிடங்களில் தணிந்துவிடும். ரோசேசியாவின் சிவப்போ முகத்தின் நடுப்பகுதியில் தங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சூட்டு அலையும் முகத்தை மேலும் கிளறிவிடும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரு கன்னங்களும் சிவந்து, மூக்கிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பு மட்டும் தெளிவாக இருந்து, கூடவே மூட்டு வலியும் வாய்ப்புண்ணும் முடி கொட்டுவதும் இருந்தால், அது, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவைப்படும் என்பதால் அழகு நிலையங்களில் காலம் கடத்த வேண்டாம்.

மருந்துக் கடையில் முகத்தைக் காட்டி க்ரீம் வாங்குவது

இந்த ஒரு தவறைப் பற்றி நீளமாக எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் மற்ற தவறுகள் எல்லாம் நோயை அதிகப்படுத்துகின்றன, இது மட்டும் இல்லாத நோயையே உண்டாக்குகிறது.

எங்கள் தெருமுனையில் இருந்த கடையில் நான் கன்னத்தைக் காட்டி, "எரிகிறது, ஏதாவது கொடுங்கள்" என்றேன். மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. முப்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு ட்யூப் கொடுத்தார்கள். அன்றிரவே எரிச்சல் நின்றது. மூன்றாம் நாள் என் முகம் பத்து வயது குறைந்த முகமாக இருந்தது. வாடிக்கையாளர்கள் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார்கள், நான் பெருமையோடு பெயரைச் சொன்னேன், என் தங்கைக்கும் ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கும் அதனால் முகம் கெட்டது என்பதை இன்றுவரை என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ட்யூபில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், அதோடு ஒரு கிருமிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும். ஸ்டீராய்டு விரிந்த இரத்த நாளங்களைச் சுருக்குகிறது, அழற்சியை அடக்குகிறது. ஆகவே முகம் உடனே வெளுக்கிறது. ஆனால் நோய் போகவில்லை. பூச்சை நிறுத்திய சில நாள்களில், சுருங்கிக் கிடந்த நாளங்கள் முன்பைவிடப் பெரிதாக விரிந்து, முகம் தீப்பட்டதுபோல எரியத் தொடங்குகிறது. நாமோ அதைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடியும் பூசுகிறோம், மறுபடியும் அடங்குகிறது, இந்தச் சுற்று ஒவ்வொரு முறையும் குறுகிக்கொண்டே வருகிறது. முதலில் வாரத்துக்கு ஒருமுறை போதுமாக இருந்தது, ஆறாவது மாதத்தில் எனக்குக் காலையும் மாலையும் தேவைப்பட்டது. இதற்கிடையில் தோல் மெலிந்து, மெல்லிய நரம்புகள்போல நாளங்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன, வாயைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் வந்தன, கன்னத்தில் பூனைமுடி அடர்ந்தது. அதே கடைக்குப் போனபோது, "இது போதவில்லை போலிருக்கிறது" என்று சொல்லி இன்னும் வீரியமான க்ளோபெட்டசோல் கலந்த பூச்சைக் கொடுத்தார்கள். பதினான்கு மாதங்கள் இப்படியே போயின.

கையிலும் காலிலும் பூசுகிற மருந்துதானே என்று சிலர் கேட்கிறார்கள். முகத்தோல் அப்படிப்பட்டதல்ல. 1967-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை முன்கையின் உட்புறம் உறிஞ்சும் அளவை ஒன்று என்று வைத்தால், நெற்றி அதைப்போல் 6 மடங்கும் தாடையோரம் 13 மடங்கும் உறிஞ்சுவது அளந்து காட்டப்பட்டது. காலில் உள்ள படைக்குக் கொடுத்த பூச்சு கன்னத்தில் என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1970-களிலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் இந்தப் பாதிப்பை ஸ்டீராய்டு ரோசேசியா என்று எழுதிவிட்டார்கள். இந்தியாவில் 12 மையங்களில், முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலோர் மருத்துவர் அல்லாத யாரோ சொல்லித் தொடங்கியவர்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகும் அந்த ட்யூப்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் கோபம் தணியாததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே, எதைப் பூசுவதற்கு முன்பும் ட்யூபின் ஓரத்தில் செங்குத்தான சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சீட்டுக்குரிய மருந்து. உள்ளடக்கத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளூசினோலோன் ஆகிய ஸ்டீராய்டுகளின் பெயர்களைத் தேடுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்த பூச்சு மங்குக்கு மருத்துவர் குறுகிய காலத்துக்குத் தருவது. அதை நிறம் வெளுக்கும் க்ரீம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் பூசுகிறவர்களை நான் மாதந்தோறும் பார்க்கிறேன். உள்ளடக்கமே அச்சிடாத டப்பாவில், நைட் க்ரீம் என்ற பெயரில் கைமாறுகிற எதையும் தொடாதீர்கள், அதை என்னைப்போன்ற அழகு நிலையக்காரர் கொடுத்தாலும் சரி.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிட்டுத் தனியாகத் தாங்கிக்கொள்ள முயல வேண்டாம். ட்யூபையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். உடனே நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா, இடையில் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் பூச்சும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தேவையா என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். எனக்கு முதல் மூன்று வாரங்கள் முகம் வீங்கி, நிலையத்தைத் திறக்கவே முடியவில்லை. தலையணை உறை உரசினாலும் அழுகை வந்தது. முகம் தேறி வர ஏறக்குறைய ஓராண்டு ஆனது, மூக்கோரத்தில் தெரிகிற நாளங்கள் இன்னும் போகவில்லை.

ஆவி பிடிப்பதும் தேய்ப்பதும்

என் தொழிலைப் பற்றியே சொல்கிறேன். ஸ்டீம், ஸ்க்ரப், மசாஜ், ப்ளீச் என்ற வரிசையில் செய்யும் ஃபேஷியல், நாளங்கள் விரிந்துகொள்ளும் முகத்துக்குச் செய்யக் கூடிய தீங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதற்குச் சமம். ஆவி நாளங்களை விரிக்கிறது. அக்ரூட் ஓட்டுத் தூளும் சர்க்கரையும் மெலிந்த தோலைக் கீறுகின்றன. ப்ளீச்சில் உள்ள அம்மோனியாவும் பெராக்ஸைடும் கீறிய இடத்தில் போய் எரிகின்றன. முதல் ஒன்பது ஆண்டுகள், கன்னம் சிவந்து வந்தவர்களுக்கும் நான் இதைச் செய்தேன், முடித்த பிறகு தெரியும் சிவப்பைப் பொலிவு என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அப்படிப்பட்ட முகத்தோடு வருகிறவர்களுக்குப் புருவம் திருத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டிலும் இதே விதிதான். சாதாரண சோப்பின் காரத்தன்மை 9 முதல் 10 பிஎச் வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ சுமார் 5 பிஎச் அளவில் லேசான அமிலத்தன்மை கொண்டது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, தோல் எண்ணெய்ப்பசையையும் ஈரத்தையும் இழக்கும் காலத்தில், இருபது வயதில் ஒத்துக்கொண்ட சோப்பு இப்போது ஒத்துக்கொள்ளாததில் வியப்பில்லை. நுரைக்காத, வாசனை சேர்க்காத ஒரு க்ளென்சரை விரல் நுனியால் தடவி, வெந்நீரும் ஐஸ் நீரும் இல்லாமல் சாதாரணத் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையற்ற மாய்ஸ்சரைசரைப் பூசிவிட்டால் போதும்.

எலுமிச்சை, தயிர், தக்காளி

முகத்தில் வேண்டாம்.

காபியை விட்டுவிடுவது

நான் இரண்டு ஆண்டுகள் காபியை விட்டுவிட்டு, அதே சூட்டில் சுக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன், சிவப்பு அப்படியே இருந்தது. 1981-இல் வெளியான ஒரு சோதனையில், 60 டிகிரி சூட்டில் குடித்த காபியும் அதே சூட்டில் குடித்த வெறும் தண்ணீரும் ஒன்றுபோல முகத்தைச் சிவக்க வைத்தன. ஆறிய காபி சிவக்க வைக்கவில்லை. கிளறிவிடுவது காபியல்ல, சூடுதான் என்பதால், டபராவில் இன்னும் நான்கு முறை ஆற்றிக் குடியுங்கள். காரம், மது, வெயில், அடுப்படி அனல், மனக்கொதிப்பு ஆகியவை எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. மூன்று வாரங்கள் குறித்துவைத்துப் பார்த்து, உங்களுக்கு எது ஆகவில்லையோ அதை மட்டும் விடுங்கள். ஊரில் உள்ள அத்தனை பத்தியத்தையும் மேற்கொண்டு உடம்பை வாட்டுவதால் முகம் தெளிவதில்லை.

இரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது

அம்லோடிபின் சிலருக்கு முகத்தைச் சிவக்க வைக்கும். மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கண்ணைக் கவனிக்காமல் விடுவது

ரோசேசியா உள்ளவர்களில் பலருக்குக் கண்ணிலும் அது இருக்கும்: மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், இமையோர வீக்கம், அடிக்கடி வரும் கண்கட்டி. கணினியைப் பார்ப்பதால் வருகிறது என்று எண்ணிச் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கருவிழி பாதிக்கப்பட்டால் பார்வையே குறையக்கூடும் என்பதால், முகத்தில் இந்த நோய் உண்டு என்பதைக் கண் மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கி, பத்து நாளில் கைவிடுவது

ஸ்டீராய்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முறையான மருந்துகள் மந்தமாகத் தெரிவது இயல்பு. மெட்ரோனிடசோல் ஜெல், அஸெலாயிக் அமிலம், தோலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணிகளைக் குறைக்கும் ஐவர்மெக்டின் க்ரீம் ஆகியவை முழுப் பலனைக் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும். நிலையாக விரிந்துவிட்ட நாளங்களுக்கு இந்தப் பூச்சுகள் பெரிதாக உதவாது, லேசர்தான் வழி. புதிய பூச்சு எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் முன்கையின் உட்புறத்தில் தினமும் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். அடுத்ததை இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். சன்ஸ்கிரீன் எரிகிறது என்பவர்கள் துத்தநாக ஆக்சைடு கொண்டதற்கு மாறலாம். வெள்ளையாகத் திட்டுத்திட்டாய் நின்றால் தோலின் நிறம் கலந்த வகை கிடைக்கிறது.

கண்ணாடியை நாள்தோறும் பார்த்து முன்னேற்றத்தை அளக்க முடியாது. ஞாயிறு காலை, ஒரே ஜன்னலோரத்தில், ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நிச்சயதார்த்தத்துக்கு முன் ட்யூபோடு வந்த பெண்மணிக்கும் அதைத்தான் சொன்னேன். ஃபேஷியல் செய்யவில்லை, மறுநாள் காலை தோல் நோய்ப் பிரிவுக்கு அவரோடு நானும் போனேன். விழாவன்று அவர் முகம் அடங்கியிருக்கவில்லை. மண்டபத்தில் சமையற்கட்டுப் பக்கம் போகாமல், மின்விசிறிக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டார். ஞாயிறுதோறும் எனக்குப் படம் அனுப்புகிறார். ஏழாவது படத்தில்தான் மூக்கின் வலப்பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.